நான் எழுதிக்கொடுத்த தியாகம்

என் கல்லூரி நண்பன் நாற்பது நாள் சிறையில் இருந்தான் என்று ஒரு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. எழுதியவன் நான். அவன் ஒரு மணி நேரம்கூடச் சிறையில் இருந்ததில்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் அவனுடைய மாமா வந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று தஞ்சாவூரைச் சுற்றி அவனுக்கு இரண்டு நவீன அரிசி ஆலைகளும் ஒரு கல்யாண மண்டபமும் புறவழிச்சாலையில் ஒரு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. விளைநிலங்களை வாங்கி மண்ணடித்து மனைகளாகப் பிரித்து விற்கிறான். மனைப்பிரிவுகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் பழைய கொள்கையை விடவில்லை. ஒன்று சமத்துவ நகர், இன்னொன்று உழைப்பாளர் நகர். உழைப்பாளர் நகரில் மனை வாங்கியவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், மீதிப் பேர் டாக்டர்கள். நான் அவனுடைய கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவர். துறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நாங்கள் விடுதியில் ஒரே அறை. அவன் குடும்பத்துக்குப் பூதலூர்ப் பக்கம் நிலமும், மாமா பேரில் ஒரு பழைய நெல் மில்லும் இருந்தன. என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் நிலம் தாத்தா காலத்திலேயே கைமாறிவிட்டது. ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் என்ற நினைப்பு மட்டும் வீட்டில் மிச்சமிருந்தது. நிலம் இருக்கிறவனும் நிலத்தை விட்டவனுமாகச் சேர்ந்து நிலமே இல்லாதவர்களுக்காகப் போராடக் கிளம்பினோம்.

அவனுக்குப் பேச்சு, எனக்கு எழுத்து. அவன் மேசைமேல் ஏறி நின்றால் சாப்பாட்டுக்கூடம் அமைதியாகிவிடும். பேச வேண்டியதை முந்தின நாளே நான் எழுதிக் கொடுத்திருப்பேன். சிகரெட் வாங்க வசதியிருந்தும் பீடிதான் குடிப்பான். பீடிப் புகை அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் கண்ணில் நீர் வரும்வரை இருமுவான். பார்க்கிறவர்கள் அதையும் உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பூதலூரைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். அங்கே விவசாயக் கூலிகளைத் திரட்டிக்கொண்டிருந்தவர் எங்களைவிடப் பத்து வயது மூத்த ஒரு தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஊரில் யார் எத்தனை குழி நிலத்தில் நாற்று நட்டார்கள், யாருக்கு எவ்வளவு கூலி வரவேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நாங்கள் போவதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார். நாங்கள் போய் அதற்குப் பெயர் வைத்தோம், அவ்வளவுதான். அவருடைய மனைவி ஒருநாள் எங்களுக்கு மீன்குழம்பு வைத்துச் சோறு போட்டார். நண்பன் அதைப் பற்றி விடுதியில் ஒரு வாரம் பேசினான். அந்தத் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்பதைத்தான் பேசினான். குழம்பு எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்த வருடம் சம்பா அறுவடையில் கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்குவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூரிலிருந்து டிராக்டரில் ஆள் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் பாலத்தின் மேல் எல்லோரும் குறுக்கே படுத்தோம். நண்பன் நடுவில் படுத்துக்கொண்டு முழக்கமிட்டான். போலீஸ் வந்தது. எங்கள் இருவரையும், அந்தத் தொழிலாளியையும், இன்னும் சிலரையும் வேனில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் எங்களுக்குப் பெஞ்ச் கிடைத்தது. அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்துவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் நண்பனின் மாமா இன்ஸ்பெக்டரின் அறைக்குள் போய் டீ குடித்துவிட்டு வெளியே வந்தார். இன்ஸ்பெக்டர் எங்களைக் கூப்பிட்டார். "பரீட்சை எழுதுற பசங்க. மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க" என்றார். வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினான் நண்பன். வழக்கம் அதுதானே.

நான் எழுதினேன். இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துவிட்டு, "யாரோ சொல்லித்தானே போனீங்க? அந்த ஆளு பேரு வரணும்ல?" என்றார். நண்பனைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா வாட்சைப் பார்த்தார். நான் தாளை வாங்கி, தரையில் உட்கார்ந்திருந்த அந்தத் தொழிலாளியின் பெயரை எழுதி, அவருடைய தூண்டுதலின் பேரில் விவரம் அறியாமல் கலந்துகொண்டோம் என்று சேர்த்தேன். 'தூண்டுதலின் பேரில்' என்ற சொற்களை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகத் தேர்ந்தெடுத்தவை. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே வரும்போது அந்தத் தொழிலாளி கேட்டார்: "தம்பி, எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிருங்களேன். கைநாட்டு வச்சிடுறேன்."

"வக்கீல் வர்றாருங்க. அவரு எழுதுவாரு" என்றேன்.

எந்த வக்கீலும் வரவில்லை. வரச்சொல்லி யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் சிறைக்குப் போனார், சில மாதங்கள் கழித்து ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. முதலில் பரீட்சை இருந்தது. பிறகு பரீட்சை முடிவு இருந்தது. அதன்பிறகு காரணம் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

நண்பன் மாமாவின் மில்லுக்குப் போனான், பிறகு மாமாவின் பெண்ணைக் கட்டினான். தாலி இல்லாத திருமணம் என்று மேடையில் அறிவித்துவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பெரியவர்களுக்காகக் கட்டினான். மில்லில் வேலை செய்தவர்கள் சங்கம் வைக்கக் கேட்டபோது, "சங்கம்னா என்னன்னு உங்களைவிட எனக்குத் தெரியும். நானே இருக்கறப்ப உங்களுக்குத் தனியா எதுக்கு?" என்று கேட்டான். கேட்டவர்கள் அடுத்த மாதம் அங்கே வேலையில் இல்லை. இதை அவனே என்னிடம் சொன்னான், நிர்வாகத் திறமைக்கு உதாரணமாக.

என் கதை இதைவிட மலிவானது. அரசு வேலைக்குக் காத்துக்கொண்டு ஊர் ஊராகத் தற்காலிக ஆசிரியராக அலைந்தேன். கல்வியை வியாபாரமாக்குகிறவர்களைக் கண்டித்துச் சிறுபத்திரிகை ஒன்றில் காரமாக ஒரு கட்டுரை எழுதினேன். அது அச்சாகி வருவதற்குள் நான் நண்பனின் கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பிரதியை நானே கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். என் நேர்மையை அவன் மெச்ச வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கடா. காலேஜ் மலருக்கும் ஒண்ணு எழுதிடு" என்றான். எழுதினேன். 'கல்வி எனும் தவம்' என்று தலைப்பு.

போன வருடம் அவனுக்கு அரசியல் ஆசை வந்தது. அடுத்த தேர்தலில் சீட்டு கேட்கப் போவதாகவும், பணம் வைத்திருக்கிறவர்கள் வரிசையில் நிறைய இருப்பதால் பணம் மட்டும் போதாது என்றும் சொன்னான். "போராட்ட வரலாறு வேணும்டா. நம்மகிட்ட அது இருக்குல்ல. நான் சொல்றேன், நீ எழுது."

தினம் சாயங்காலம் கல்லூரி முடிந்ததும் அவன் அறைக்குப் போனேன். ஏசி குளிரில் முந்திரிப்பருப்பும் காபியும் வரும். அவன் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிச் சொல்வான். நான் குறிப்பெடுப்பேன். போராட்டத்தை அவன்தான் தொடங்கினான். கூலி கேட்க அந்த மக்களுக்குத் தைரியம் கொடுத்தவன் அவன்தான். பாலத்தில் அவன் படுத்தபோது டிராக்டர் சக்கரம் அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. உண்மையில் டிராக்டர் பாலத்துக்கு இந்தப் பக்கமே வரவில்லை. நான் ஒரு சாணை ஒரு விரற்கடையாகக் குறைத்தேன். கைத்தொழில் அப்படி. ஒரு வாக்கியம் சுமாராக இருந்தால் எனக்குப் பொறுக்காது.

"அப்புறம் நாம உள்ள இருந்தோம்ல, அதை நல்லா எழுது" என்றான் ஒருநாள்.

"எங்க உள்ள?"

"ஜெயில்லதான்."

"நாம ஜெயிலுக்குப் போகலையேடா. மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டோம்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கோபமில்லை. புரியாத மாணவனைப் பார்க்கிற பார்வை. "ஸ்டேஷன்ல உக்காந்திருந்தோம்னு புஸ்தகத்துல போடுவாங்களாடா? ஒரு வாரம்னு போடு." சற்று யோசித்தான். "ஒரு வாரம் கம்மியா இருக்குமோ? நீயே பாத்துப் போடு."

பார்த்து நாற்பது போட்டேன். நாற்பதுக்கு ஒரு ஓசை இருக்கிறது. அந்த அத்தியாயத்தை அவனுக்குப் படித்துக் காட்டியபோது, கொசுவைப் பற்றி நான் எழுதியிருந்த இடத்தில் அவன் முழங்கையைச் சொறிந்துகொண்டான். பத்து நாள் கழித்து ஒரு விருந்தில் யாரிடமோ, "நாற்பது நாள் சார், ஒரே போர்வை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். போர்வை புத்தகத்தில் இல்லை. அவனே சேர்த்தது.

புத்தகத்துக்குப் படம் வேண்டுமென்று, பழைய தோழரோடு ஒரு போட்டோ எடுக்கலாம் என்றான். அவனுடைய காரில், ஒரு போட்டோக்காரரையும் ஏற்றிக்கொண்டு, முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அந்த ஊருக்குப் போனோம். ஊருக்கு முன்னாலேயே அவனுடைய உழைப்பாளர் நகரின் நுழைவு வளைவு நிற்கிறது. அதைத் தாண்டினால் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓர் அம்மாள் காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நெல்லு மேல ஏத்தாம ஓரமாப் போங்க" என்றார் அவர், நிமிராமலேயே.

அந்தத் தொழிலாளியின் மனைவி அவர்தான். எனக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. நண்பனிடம் சொன்னேன். அவன் கைகளை விரித்துக்கொண்டு இறங்கினான்.

"என்னம்மா, யாருன்னு தெரியுதா?"

"மனை போடுறவரு" என்றார்.

"அது இப்ப. அப்ப நான் யாரு?"

அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். "இவரு எழுதுறவரு" என்றார்.

நண்பன் அவருடைய கணவரைப் பற்றிக் கேட்டான். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது என்றார். நண்பன் "அடடா" என்றான். அடுத்த மூச்சில், "அவர் போட்டோ ஏதாச்சும் வீட்ல இருக்கா?" என்றான். இல்லை என்றதும் அவன் முகத்தில் வந்த ஏமாற்றம் மட்டும் உண்மையானது. பரவாயில்லை, இந்த அம்மாவோடு எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, காரிலிருந்து சால்வையை எடுத்துவரச் சொன்னான்.

அந்த இடைவெளியில் அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்: "அந்தக் கடுதாசிய நீங்கதான எழுதுனீங்க?"

"எந்தக் கடுதாசி?" என்றான் நண்பன்.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்தீங்களே, அதுதான். அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே, ஏட்டு படிச்சுக் காட்டுனாராம். அவரு தூண்டிவிட்டாருன்னு இருந்துச்சாம். ஊருக்கு வந்த பெறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ரெண்டு காலேஜ் புள்ளைங்கள நான் தூண்டிவிட்டேனாம்டி, நான் அம்மாம் பெரிய ஆளான்னு."

அவரும் சிரித்தார். திட்டியிருந்தால் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். நான் காய்கிற நெல்லைப் பார்த்தேன்.

"அதுக்கப்புறம்தான் நான் முதியோர் வகுப்புக்குப் போயி எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன். அடுத்தவுங்க எழுதுறதுல என்னதான் இருக்குன்னு நமக்கும் தெரியணும்ல" என்றார்.

சால்வை வந்தது. இந்த வெயிலில் இதைப் போர்த்தினால் வேர்க்கும் என்றார். கையில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு வளைவு நின்ற திசையில் கையைக் காட்டினார். "உங்க நகருக்கு ரோடு போட்டப்ப வடிகால்ல மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. மழை பேஞ்சா எங்க தெருத் தண்ணிக்குப் போக வழியில்ல. வீட்டுக்குள்ள நிக்குது. அடுப்பு அணைஞ்சு போவுது."

"பாத்துருவோம்மா. இன்ஜினியர்கிட்ட சொல்லிடறேன்."

"ரெண்டு வருஷமா அவரும் அதையேதான் சொல்றாரு."

நண்பன் அதைக் கேட்காததுபோல நகர்ந்து, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நெல்லின் நடுவில் எப்படி நிற்பது என்று போட்டோக்காரரோடு பேசத் தொடங்கினான். அந்த அம்மாள் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்: "சார், கலெக்டருக்கு மனு எழுதுனா மேல உயர்திருன்னு போடணுமா, மாண்புமிகுன்னு போடணுமா?"

"உயர்திரு போதும். மாண்புமிகு மந்திரிக்கு."

"சரி" என்றார்.

நண்பன் தூரத்தில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டேன். பார்த்த பிறகுதான் கேட்டேன். "மனுவ நான் எழுதித் தரட்டுங்களா?"

"வேணாம் சார். நீங்க எழுதுனா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நிற்கப் போனார்.

படத்தில் நண்பன் அவர் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறான். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. அவன் காலடியில் மிதிபடுகிற நெல்லைப் பார்க்கிறார். திரும்பி வரும்போது காரில் அவன் சொன்னான்: "கெழவிக்கு ஞாபகசக்தியைப் பாத்தியா! அந்த லெட்டர் சமாச்சாரம் புஸ்தகத்துல வேணாம்."

"நான் எழுதலையே."

"எழுதினது நீதானடா. நான் கையெழுத்துதான் போட்டேன்" என்றான், சீட்டைப் பின்னால் சாய்த்தபடி.

இருவரில் யார் கேவலம் என்று அன்றைக்கு வழி நெடுக யோசித்தேன். அவனுக்கு வெட்கமில்லை. எனக்கு வெட்கம் இருந்தது, மறுநாள் காலையில் மெய்ப்புத் திருத்தும் வேலையும் இருந்தது. திருத்தினேன்.

வெளியீட்டு விழா அவனுடைய கல்யாண மண்டபத்திலேயே நடந்தது. மட்டன் பிரியாணி, பிளக்ஸ் போர்டு, மாணவர்களுக்கு அரைநாள் விடுமுறை. சிறப்புப் பேச்சாளர் சிறை அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரல் தழுதழுக்கப் பேசினார். நண்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அந்தத் தெரு மக்களை அழைத்துவர வேன் அனுப்பியிருந்தான். நடவு நடந்துகொண்டிருந்ததால் வேன் காலியாகத் திரும்பி வந்தது. முன்வரிசையில் அவர்களுக்காக ஒதுக்கியிருந்த நாற்காலிகளில் வணிகவியல் மாணவிகளை உட்கார வைத்தோம். ஏற்பாடு என்னுடையது.

அதற்கு அடுத்த மாதம் அவன் என்னை அறைக்குக் கூப்பிட்டான். தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வரைபடத்தோடு வந்து அளந்து, வடிகால் வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருப்பதை உறுதிசெய்து, பொக்லைனை வைத்து அவனுடைய நகரின் சாலையைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். மேசைமேல் ஒரு மனுவின் நகல் கிடந்தது. ஆபீசில் தெரிந்தவர் மூலம் வாங்கியிருக்கிறான்.

"இது நீ எழுதிக் குடுத்ததா?"

எடுத்துப் பார்த்தேன். சாய்ந்த பெரிய எழுத்துகள். இரண்டு மூன்று இடத்தில் றகர ரகரக் குழப்பம். எங்கே மண் கொட்டினார்கள், எப்போது கொட்டினார்கள், எத்தனை வீட்டில் தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு செய்தி. எங்கும் ஓர் அலங்காரம் இல்லை, கெஞ்சல் இல்லை. முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அதில் எதையும் வெட்டவோ சேர்க்கவோ தோன்றவில்லை. அடியில் அந்தத் தெருவில் இருக்கிற எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. கைநாட்டு ஒன்றுகூட இல்லை.

"நான் இல்லடா" என்றேன். உண்மைதான். ஆனால் உண்மை சொல்கிறவன் அவ்வளவு அவசரமாகச் சொல்வானா? "பாரு, எழுத்துப்பிழை இருக்கு. நான் எழுதினா இப்படியா இருக்கும்?"

"அதானே" என்றான். உடனே நம்பினான். அத்தனை வருடங்களில் அவன் என்னைச் சரியாகவே தெரிந்து வைத்திருந்தான். காபி சொன்னான். ஆம் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, காபி வந்த பிறகு.

சீட்டு அவனுக்குக் கிடைக்கவில்லை. கல்குவாரி வைத்திருக்கிற ஒருவருக்குப் போய்விட்டது. அவரிடம் புத்தகமே இல்லை. நண்பன் இரண்டு நாள் படுத்துக்கிடந்தான், பிறகு எழுந்து அடுத்த தேர்தலுக்கு இரண்டாம் பதிப்பு போடலாம் என்றான். அந்த அம்மாளின் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னான். எடுத்தேன். பக்கத்தில் பாதி காலியாக விழுந்தது. அச்சகத்தில் இடத்தை நிரப்ப ஏதாவது கேட்டார்கள். சிறையின் கம்பி வழியாக அவன் பார்த்த மழையைப் பற்றி இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன்.